கூலி வேலைக்கா, ஆளுக்கா?

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

  

சில ஆண்டுகளுக்கு முன்பு, பெண்கள் ஓதும் மதரஸா ஒன்றில் நாம் பணியாற்றி வந்தோம். ஓதிக்கொடுப்பதோடு மாதாந்திரச் சம்பளப் பதிவேட்டை எழுதும் பொறுப்பும் நம்மிடமே இருந்தது. மேல்வகுப்புக்குத் திரைக்கு அப்பாலிருந்து ஹதீஸ் கிதாபு ஓதிக்கொடுத்த ஹஜ்ரத் ஒருவர் இருந்தார். அதே வகுப்புக்கு ஃபிக்ஹு கிதாபு ஓதிக்கொடுத்த ஆலிமா ஒருவரும் இருந்தார். இருவருக்கும் நாளொன்றுக்கு நான்கு பாடங்கள். இருவரும் காலையில் ஒரே நேரத்தில் வருவார்கள். பதிவேட்டிலோ, ஹஜ்ரத்தின் பெயருக்கு நேரே எழுதும் தொகையில் பாதிக்குச் சற்று மேலாகத்தான் ஆலிமாவின் பெயருக்கு நேரே எழுதி வந்தோம். மாதா மாதம் எழுதினோம். அது நம் கண்ணை உறுத்தியதே இல்லை.

ஒரு மாதம் கையெழுத்துக்காக உள்ளே அனுப்பிய பதிவேடு, நடுவில் ஒரு துண்டுக் காகிதத்தோடு திரும்பி வந்தது. அதில் ஒரே வரிதான் இருந்தது: "ஹஜ்ரத், ஒரு மஸ்அலா. கூலி வேலைக்கா, ஆளுக்கா?"

"ஆண்களுக்குக் குடும்பப் பொறுப்பு இருக்கிறதம்மா" என்று அதே காகிதத்தில் எழுதி அனுப்பினோம். மறுநாள் பதில் வந்தது: "என் வாப்பா மவுத்தாகி ஆறு வருஷம் ஆகிறது, ஹஜ்ரத். உம்மாவும் இரண்டு தம்பிமாரும் என் சம்பளத்தில்தான் சாப்பிடுகிறார்கள். அது போகட்டும். நான் என் கஷ்டத்தைச் சொல்லவில்லை. மஸ்அலா கேட்டேன்."

மஸ்அலா கேட்டவருக்கு நாம் மஸ்அலா சொல்லவில்லை, சமாதானம் சொல்லியிருந்தோம். அன்றிரவு கிதாபைத் திறந்தபோதுதான், பல வருடங்களாக ஓதியும் ஓதிக்கொடுத்தும் வந்த ஒன்றை நாம் பார்க்காமலே இருந்திருக்கிறோம் என்பது புரிந்தது. அன்று படித்ததையே இங்கே உங்கள் முன் வைக்கிறோம்.

மத்யன் நீர்த்துறை

திருக்குர்ஆனின் 28வது அத்தியாயமான அல்கஸஸில் 23 முதல் 28 வரையுள்ள வசனங்களை எடுத்துக்கொள்ளுங்கள். நபி மூஸா (அலை) அவர்கள் மிஸ்ரு நாட்டை விட்டுத் தப்பி, தன்னந்தனியாக மத்யன் என்னும் ஊரை அடைகிறார்கள். ஊருக்குரிய நீர்த்துறையில் மக்கள் கூட்டமாக நின்று தங்கள் கால்நடைகளுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருக்கிறார்கள். கூட்டத்திற்கு அப்பால் இரண்டு பெண்கள் தங்கள் ஆடுகளைத் தடுத்து நிறுத்தியபடி நிற்கிறார்கள்.

மூஸா (அலை) அவர்கள் அவர்களிடம் விஷயம் என்ன என்று விசாரிக்கிறார்கள். மேய்ப்பர்கள் தண்ணீர் காட்டிவிட்டுத் திரும்பிப் போகும்வரை தங்களால் தண்ணீர் காட்ட முடியாது என்றும், தங்கள் தந்தை வயது முதிர்ந்தவர் என்றும் அப்பெண்கள் பதில் சொல்கிறார்கள். நபியவர்கள் அவர்களுடைய ஆடுகளுக்குத் தண்ணீர் காட்டிக்கொடுத்துவிட்டு, நிழலை நாடிச் சென்று அல்லாஹ்விடம் கையேந்துகிறார்கள். பிறகு அப்பெண்களில் ஒருவர் நாணத்தோடு நடந்து வந்து, தண்ணீர் காட்டியதற்கான கூலியைக் கொடுப்பதற்காகத் தம் தந்தை அழைப்பதாகச் சொல்கிறார். அந்தத் தந்தையின் பெயரை அல்லாஹ் குறிப்பிடவில்லை. அவர் நபி ஷுஐப் (அலை) அவர்களே என்று விரிவுரையாளர்களில் ஒரு சாராரும், வேறொரு நல்லடியார் என்று மற்றொரு சாராரும் கூறுவர்.

இந்தச் சரித்திரத்தை நாம் பயான்களில் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறோம். பெண்ணின் நாணத்தைப் பற்றிச் சொல்லியிருக்கிறோம். மூஸா (அலை) அவர்களின் வலிமையைப் பற்றிச் சொல்லியிருக்கிறோம். ஆனால் அந்த இடம் ஒரு வேலைத்தலம் என்பதை நினைத்துப் பார்த்தோமா? அங்கே வேலை இருக்கிறது, வேலை செய்யும் பெண்கள் இருக்கிறார்கள், அவர்களை ஓரத்தில் நிறுத்திய ஆண்கள் இருக்கிறார்கள், கூலியும் இருக்கிறது.

இதிலிருந்து நாம் பெறும் பாடங்கள்

முதல் பாடம்: அப்பெண்கள் வேலைக்கு வந்ததை அல்லாஹ் குறை சொல்லவில்லை. தந்தை முதியவர், வேலை அவர்கள் தலையில் விழுந்தது, வந்தார்கள். நம் ஊர்களில் வேலைக்குப் போகும் பெண்களில் பெரும்பாலோரைக் கேட்டால் இதே பதிலைத்தான் சொல்வார்கள். வாப்பாவுக்கு முடியவில்லை, அல்லது கணவர் இல்லை, அல்லது ஒருவர் வருமானம் போதவில்லை என்பார்கள்.

இரண்டாம் பாடம்: மாலையில் யாராவது வந்து பார்த்திருந்தால், எல்லோருடைய ஆடுகளும் தண்ணீர் குடித்துப் போய்விட்டன, இந்த இரண்டு பெண்கள் மட்டும் தாமதம் என்று கணக்கு எழுதியிருப்பார். தாமதத்திற்குக் காரணம் அவர்களுடைய சோம்பலா? இல்லை. முறை என்பதே இல்லாமல், பலமுள்ளவன் முந்திக்கொள்ளும்படி அந்தத் துறை அமைந்திருந்தது. பெண்ணைப் பின்னே நிற்க வைத்துவிட்டு, அவள் பின்தங்கிவிட்டாள் என்று சொல்வது மத்யன் மேய்ப்பர்களோடு முடிந்துபோகவில்லை. பதவி உயர்வு கொடுக்காமல் வைத்திருந்து அனுபவம் இல்லை என்பதும், கணக்கு வேலையைக் கற்றுக்கொடுக்காமல் இருந்து கணக்கு தெரியாது என்பதும் அதே கதைதான்.

மூன்றாம் பாடம்: மூஸா (அலை) அவர்கள் முதலில் கேட்டார்கள். அவர்களாக ஒன்றை ஊகித்துக்கொள்ளவில்லை. சொன்னதைக் கேட்டுக்கொண்டு உதவினார்கள். உதவிய பின் பேச்சை வளர்க்கவில்லை, நன்றியையும் எதிர்பார்க்கவில்லை, நிழலுக்குப் போய்விட்டார்கள். கூட வேலை செய்யும் பெண்ணிடம் ஓர் ஆண் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல முன்மாதிரி வேண்டுமா?

நான்காம் பாடம்: வேலை செய்தவர் கேட்காமலேயே கூலி அவரைத் தேடி வருகிறது.

ஐந்தாம் பாடம்: அந்த வீட்டில் யாரை வேலைக்கு வைப்பது என்ற ஆலோசனையைச் சொன்னவர் ஒரு பெண். கூலிக்கு அமர்த்தப்படுபவரில் சிறந்தவர் வலிமையும் நம்பிக்கையும் உள்ளவரே என்று அவர் சொன்ன கருத்தை அல்லாஹ் தன் வேதத்தில் பதிவு செய்திருக்கிறான். 'கவிய்யு', 'அமீன்' என்ற இரண்டே அளவுகோல்கள். செய்ய வேண்டிய வேலைக்குரிய திறமை, நாணயம். ஆணா பெண்ணா, சொந்தக்காரரா, கல்யாணம் நெருங்கியிருக்கிறதா என்பதெல்லாம் அந்த அளவுகோலில் இல்லை.

கூலி என்பது என்ன?

இனி அந்த ஆலிமாவின் மஸ்அலாவுக்கு வருவோம். ஃபிக்ஹு கிதாபுகளில் 'இஜாரா' என்றொரு பாடம் உண்டு. கூலிக்கு அமர்த்துவதும் வாடகைக்கு எடுப்பதும் அதில் அடங்கும். ஒருவருடைய உழைப்பின் பயனைப் பெற்றுக்கொண்டு, அதற்கு ஈடாகப் பொருளைக் கொடுக்கும் ஒப்பந்தம் அது. வேலை இன்னதென்று தெரிந்திருக்க வேண்டும், கூலி இவ்வளவென்று தெரிந்திருக்க வேண்டும் என்று நம் இமாம்கள் ஷர்த்து கூறுகிறார்கள். கூலி பேசாமல் வேலை வாங்கிவிட்டால் என்ன செய்வது? அதுபோன்ற வேலைக்கு வழக்கத்திலுள்ள கூலியைக் கொடுக்க வேண்டும் என்பார்கள். 'உஜ்ரத்துல் மிஸ்ல்' என்பது அதற்குப் பெயர்.

கவனியுங்கள். அங்கே ஒப்பிட்டுப் பார்க்கப்படுவது வேலை. ஆகவே, கூலி என்பது வேலையின் விலை. அது ஜீவனாம்சம் அன்று, ஜகாத்தும் அன்று. ஜகாத்துக்குத்தான் தேவையைப் பார்க்கிறோம். ஒருவர் கடையில் பத்து முழம் துணி எடுத்தால், கடைக்காரருக்கு எத்தனை பிள்ளைகள் என்று விசாரித்தா விலை கொடுக்கிறோம்?

சிலர் இங்கே மூன்று கேள்விகளை எழுப்புவார்கள்.

"வாரிசுரிமையில் ஆணுக்கு இரண்டு பங்கு, பெண்ணுக்கு ஒரு பங்கு என்று மார்க்கமே வைத்திருக்கிறதே?" என்பது முதல் கேள்வி. அந்நிஸா அத்தியாயத்தின் 11வது வசனம், பெற்றோர் விட்டுச் சென்ற சொத்தில் மகனுக்கும் மகளுக்குமுள்ள பங்கைப் பற்றியது. அது உழைக்காமல் வருவது, அல்லாஹ் பங்கிட்டுத் தருவது. கூலியோ உழைப்புக்கு ஈடாக வருவது. அதே அத்தியாயத்தின் 32வது வசனம், ஆண்கள் சம்பாதித்ததில் ஆண்களுக்குப் பங்கு உண்டு, பெண்கள் சம்பாதித்ததில் பெண்களுக்குப் பங்கு உண்டு என்று அறிவிக்கிறது. வாரிசுரிமைச் சட்டத்தைச் சம்பளப் பதிவேட்டுக்குள் கொண்டுவர நமக்கு யார் அதிகாரம் கொடுத்தது?

"குடும்பத்தைக் காப்பாற்றும் கடமை ஆணுக்குத்தானே?" என்பது இரண்டாவது. உண்மை. மனைவி சம்பாதித்தாலும் அவளுக்கு உணவும் உடையும் கொடுப்பது கணவன்மீது கடமை. ஆனால் அது அவன் தலையிலுள்ள கடமை. அதை அவன் தன் கூலியிலிருந்து நிறைவேற்ற வேண்டும், பக்கத்தில் உழைக்கும் பெண்ணின் கூலியிலிருந்து அல்ல. இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள். பொறுப்பைப் பார்த்துத்தான் சம்பளம் என்றால், கல்யாணமாகாத இளைஞனுக்குக் குறைத்து, ஐந்து பிள்ளைகளை வளர்க்கும் கைம்பெண்ணுக்குக் கூட்டிக் கொடுத்திருக்க வேண்டும். எந்தக் கடையிலாவது, எந்த மதரஸாவிலாவது அப்படிக் கொடுக்கிறோமா? அந்த நியாயம் பெண்ணுக்குக் குறைக்கும்போது மட்டுமே நம் நினைவுக்கு வருகிறது. அல்லாஹ் நம்மை மன்னிப்பானாக.

"அவள் ஒப்புக்கொண்டுதானே வந்தாள்?" என்பது மூன்றாவது. பேசிய கூலியைக் கொடுத்துவிட்டால் ஒப்பந்தம் செல்லும் என்பது சட்டம். ஆனால் வேறு வழியில்லாதவளின் இல்லாமையைப் பார்த்து விலையைக் குறைத்துப் பிடிப்பது நீதியாகிவிடுமா? மத்யன்வாசிகளிடம் நபி ஷுஐப் (அலை) அவர்கள் எதை எச்சரித்தார்கள்? அளவையிலும் நிறுவையிலும் குறைக்காதீர்கள், மக்களுக்குச் சேர வேண்டியவற்றைக் குறைத்துவிடாதீர்கள் என்றுதான் எச்சரித்தார்கள். அல்அஃராஃப் அத்தியாயத்தின் 85வது வசனம் இதைக் கூறுகிறது. இரண்டு பெண்களை ஓரத்தில் நிறுத்திய நீர்த்துறையும் அதே மத்யனில்தான் இருந்தது என்பதைச் சிந்தித்துப் பாருங்கள்.

கூலியாளின் வியர்வை உலருமுன் அவனுடைய கூலியைக் கொடுத்துவிடும்படி நாயகம் (ஸல்) அவர்கள் ஏவியதாக இப்னு மாஜாவில் பதிவாகியுள்ளது. மறுமையில் மூன்று பேருக்கு எதிராகத் தானே வழக்காடுவதாக அல்லாஹ் சொல்வதை புகாரியில் காண்கிறோம். அம்மூவரில் ஒருவன், கூலிக்கு ஆளமர்த்தி வேலையை முழுதாக வாங்கிக்கொண்டு கூலியைக் கொடுக்காதவன். வேலையை முழுதாக வாங்கிக்கொண்டு கூலியைப் பாதியாகக் கொடுப்பவன் அந்த எச்சரிக்கையிலிருந்து எவ்வளவு தூரத்தில் நிற்கிறான்?

நபியவர்கள் காலத்துப் பெண்மணிகள்

அன்னை கதீஜா (ரலி) அவர்கள் முதலீடு செய்து, ஆட்களை அமர்த்தி, ஷாம் தேசத்திற்கு வணிகக் கூட்டம் அனுப்பியவர்கள். நம் நாயகம் (ஸல்) அவர்களை அவ்வணிகத்திற்கு அமர்த்தியதும் அவர்களே. அவர்களும் அவர்களுடைய நாணயத்தைப் பார்த்துத்தான் அமர்த்தினார்கள். அன்னை ஸைனப் பின்த் ஜஹ்ஷ் (ரலி) அவர்கள் தம் கையால் உழைத்து, அந்த வருமானத்தை தர்மம் செய்தவர்கள் என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் கூறியுள்ளார்கள்.

ஜாபிர் (ரலி) அவர்களின் சிறிய தாயார் தலாக் சொல்லப்பட்டு இத்தாவில் இருந்தார். தம் பேரீச்ச மரங்களிலிருந்து பழம் பறிக்கப் புறப்பட்டபோது ஒரு மனிதர் அவரைக் கண்டித்தார். அப்பெண்மணி நாயகம் (ஸல்) அவர்களிடம் நேராகச் சென்று கேட்டார். நீ போய்ப் பறித்துக்கொள், அதிலிருந்து நீ தர்மம் செய்யலாம், நன்மை புரியலாம் என்ற கருத்தில் அவர்கள் அனுமதி வழங்கிய செய்தி முஸ்லிம் கிரந்தத்தில் உள்ளது. தடுத்தவர் தெருவில் நின்ற மனிதர். அனுமதித்தவர் அல்லாஹ்வின் தூதர். நாம் பல நேரங்களில் அந்தத் தெரு மனிதரின் சொல்லையே மார்க்கமென்று நினைத்துக்கொள்கிறோம்.

நம் வீட்டுத் திண்ணையில்

மேலப்பாளையத்திலும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலும் பீடி சுற்றும் தாய்மார்களை நாம் அறிவோம். பத்தமடையில் கோரைப் பாய் முடையும் பெண்களை அறிவோம். ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் தோல், செருப்புத் தொழிற்சாலைகளுக்குக் காலையில் கூட்டமாகச் செல்லும் சகோதரிகளை அறிவோம். புகைப்பதன் சட்டம் வேறு பேச்சு. இங்கே நாம் பேசுவது உழைத்தவளின் ஹக்கைப் பற்றி.

பீடிக்கு ஆயிரத்துக்கு இவ்வளவு என்று கூலி. இலையைக் குறைவாகக் கொடுத்துவிட்டு எண்ணிக்கையை முழுதாகக் கேட்டால், பற்றாத இலையை அந்தப் பெண் தன் காசில்தான் வாங்க வேண்டும். சுற்றிக் கொண்டுபோன பீடியில் கழிவு என்று ஒரு பகுதியை ஒதுக்கி, அதற்குக் கூலி கொடுக்காமல், அதே பீடியை விற்றால் அது என்ன சம்பாத்தியம்? அளவில் மோசம் செய்பவர்களுக்குக் கேடுதான் என்று தொடங்கும் அல்முதஃப்ஃபிஃபீன் அத்தியாயத்தைத் தொழுகையில் ஓதுகிற நாம் இதற்குப் பதில் சொல்ல வேண்டும்.

மனைவி சுற்றிய பீடிக்கான கூலியைக் கணவனோ மகனோ கடையில் வாங்கிச் செல்வதும் உண்டு. அவள் சம்மதித்து அனுப்பியிருந்தால் அவர் அவளுடைய வக்கீல், குற்றமில்லை. அவளுக்குத் தெரியாமல் கொடுத்தால், கொடுத்தவர் கடன் தீர்ந்ததாகாது. அந்தக் கூலி அவள் சொத்து. குடும்பத்திற்கு அவள் மனமுவந்து செலவழித்தால் அது தர்மம், அதற்கு அல்லாஹ்விடம் கூலி உண்டு. பிடுங்கிக்கொள்ள யாருக்கும் உரிமை இல்லை.

நாட்டின் சட்டம்

நம் நாட்டு அரசியல் சாசனத்தின் 39வது பிரிவு, ஆணுக்கும் பெண்ணுக்கும் சம வேலைக்குச் சம ஊதியம் என்பதை அரசின் நெறியாக வைத்திருக்கிறது. 1976ல் சம ஊதியச் சட்டம் வந்தது. அது பின்னர் 2019ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத் தொகுப்பில் சேர்க்கப்பட்டது. கப்பல் முகவர் நிறுவனமொன்றில் பெண் சுருக்கெழுத்தாளர்களுக்கு ஆண்களைவிடக் குறைவாகச் சம்பளம் கொடுத்த வழக்கு 1987ல் உச்ச நீதிமன்றத்தில் தீர்ப்பானது. சமமாகக் கொடுக்க வசதியில்லை என்பது சட்டத்தை மீறக் காரணமாகாது என்று நீதிமன்றம் கூறிவிட்டது. மதரஸா நிர்வாகங்களில் நாம் வழக்கமாகச் சொல்லும் 'வசூல் குறைவு' என்ற பதில் நினைவுக்கு வருகிறதா? வசூல் குறைந்தால் எல்லோருக்கும்தான் குறைய வேண்டும்.

கூலியோடு கண்ணியமும் சேர்ந்ததுதான் உரிமை. வேலைத்தலத்தில் பெண்களைப் பாலியல் ரீதியாகத் துன்புறுத்துவதைத் தடுக்க 1997ல் உச்ச நீதிமன்றம் விசாகா வழக்கில் நெறிமுறைகளை வகுத்தது. 2013ல் அதற்கென்று தனிச் சட்டம் வந்தது. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் விசாரணைக் குழு இருக்க வேண்டும். அதன் தலைவர் பெண்ணாகவும், உறுப்பினர்களில் பாதிப் பேராவது பெண்களாகவும் இருக்க வேண்டும். அதைவிடச் சிறிய இடங்களில் வேலை செய்பவர்கள் மாவட்டத்திலுள்ள குழுவிடம் முறையிடலாம். நம் வீட்டில் பாத்திரம் துலக்கும் பெண்ணுக்கும் இந்தப் பாதுகாப்பு உண்டு.

அந்நியப் பெண்ணோடு ஆண் தனித்திருக்கக் கூடாது என்று நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். இதைச் சொல்லியே பெண்ணை வேலையிலிருந்து நிறுத்துகிறவர்கள் இருக்கிறார்கள். தனித்திருக்காத வண்ணம் அறையை அமைப்பது யார் கடமை? இடத்திற்குச் சொந்தக்காரரான முதலாளியின் கடமையல்லவா? அறைக்குக் கண்ணாடிக் கதவு போடுவதும், இரவு நேரத்தில் ஒரு பெண்ணை மட்டும் தனியே நிறுத்தி வைக்காமல் இருப்பதும் பெரிய செலவுகள் அல்ல.

ஜவுளிக் கடையில் நாள் முழுதும் நின்றுகொண்டே வேலை செய்யும் பெண்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021ல் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தினார்கள். அது அங்கே வேலை செய்யும் ஆண்களுக்கும் பொருந்தும். ஒரு நாற்காலிக்குச் சட்டம் போட வேண்டியிருந்தது. நாம் அதை இரக்கத்தினால் முன்பே செய்திருக்கலாம்.

செய்ய வேண்டியவை

கடை, தொழிற்சாலை, பள்ளிக்கூடம், மதரஸா நடத்தும் சகோதரர்களே! இந்த மாதம் உங்கள் சம்பளப் பதிவேட்டை எடுத்து, பெயர்களை ஒரு தாளால் மறைத்து வையுங்கள். வேலையையும் நேரத்தையும் அனுபவத்தையும் மட்டும் பார்த்துத் தொகையை எழுதிப் பாருங்கள். பிறகு தாளை எடுத்து, முன்பு எழுதியிருந்ததோடு ஒப்பிடுங்கள். வித்தியாசம் இருந்தால் அது யாருடைய ஹக்கு என்பது உங்களுக்கே தெரிந்துவிடும். வேலைக்கு ஆளெடுக்கும்போது ஆணிடம் கேட்காத கேள்வியைப் பெண்ணிடம் கேட்காதீர்கள். பிரசவத்திற்காகச் சென்றவளின் இடத்தை அவள் திரும்பும்வரை காத்து வையுங்கள்.

வேலைக்குச் செல்லும் சகோதரிகளே! கூலியைப் பேசிக்கொண்டு வேலையில் இறங்குங்கள். கேட்பது வெட்கக்கேடு அல்ல. மத்யன் பெண்மணி நாணத்தோடுதான் நடந்து வந்தார், ஆனால் கூலியைப் பற்றித் தெளிவாகப் பேசினார். நீங்களும் 'அமீன்' என்ற சொல்லுக்குரியவர்களாக வேலையில் குறை வைக்காதீர்கள்.

வீட்டிலுள்ள ஆண்களே! உங்கள் மகளுக்கு வேலைத்தலத்தில் ஒரு கஷ்டம் என்றால், உடனே வேலையை விடச் சொல்லாதீர்கள். மூஸா (அலை) அவர்களைப் போல முதலில் விஷயம் என்ன என்று கேளுங்கள். தவறு செய்தவன் அங்கேயே இருக்க, உங்கள் மகள் வீடு திரும்புவது நீதியாகாது.

அந்த ஆலிமாவின் காகிதத்தை நாம் நிர்வாகக் கூட்டத்தில் வைத்தோம். அவ்வருடம் ஒன்றும் நடக்கவில்லை. ரமலான் விடுமுறையோடு அவர் விலகிவிட்டார். அடுத்த வருடம் சம்பளத்தை ஒரே அளவாக்கினார்கள், அல்ஹம்து லில்லாஹ். ஆனால் அவருக்குக் குறைத்துக் கொடுத்த மாதங்கள் குறைந்தபடியே நிற்கின்றன. அத்தொகைகளை எழுதியது நம் கை. அவரிடம் மன்னிப்புக் கேட்டு ஆளனுப்பினோம். "ஹஜ்ரத் இனி மஸ்அலாவை மஸ்அலாவாகச் சொல்லட்டும்" என்று மட்டும் சொல்லியனுப்பினார். அந்தக் கடனில் ஒரு சிறு பகுதியாகவே இதை எழுதுகிறோம்.

ஆணாயினும் பெண்ணாயினும் உழைப்பவரின் உழைப்பை வீணாக்குவதில்லை என்று ஆலு இம்ரான் அத்தியாயத்தின் 195வது வசனத்தில் வாக்களித்த ரப்பு, பிறர் உழைப்பை வீணாக்காத மக்களாக நம்மையும் ஆக்கியருள்வானாக! கூலியாட்களின் ஹக்கைக் கழுத்தில் சுமந்தபடி மஹ்ஷரில் நிற்கும் இழிவிலிருந்து நம் எல்லோரையும் காப்பானாக! ஆமீன், யாரப்பல் ஆலமீன்.